பள்ளிக்கூடம் முடிந்த பிறகு: பகல் நேர மையங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான பகல் நேர மையங்கள் குறித்து வந்த கேள்விகள் இந்த முறை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் ஆகியவை உள்ளவர்களின் குடும்பத்தாரும் மையங்களில் வேலை செய்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

கே: என் மகனுக்கு 22 வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. சிறப்புப் பள்ளி முடிந்துவிட்டது. இரண்டு மையங்களைப் போய்ப் பார்த்தோம். இரண்டுமே சுத்தமாக இருக்கின்றன, அன்பாகவும் பேசுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? – ஒரு தந்தை

மறுபடியும் ஒரு முறை போங்கள். இந்தத் தடவை மதியம் இரண்டரை மணிக்கு. காலையில் எந்த மையமும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் திட்டமிட்டு நடத்துகிறார்களா, பொழுதைத் தள்ளுகிறார்களா என்று தெரியும். ஓரமாக உட்கார்ந்து பத்து நிமிடம் கைகளை மட்டும் பாருங்கள். எத்தனை பேர் கையில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது? எத்தனை பேர் வெறுங்கையோடு டிவியின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்? பிறகு காதைக் கொடுங்கள். ஊழியர்கள் அங்கே இருப்பவர்களோடு பேசுகிறார்களா, அவர்களை நடுவில் வைத்துக்கொண்டு தங்களுக்குள் பேசுகிறார்களா? முப்பது வயதுக்காரரைக் குழந்தைபோலக் கொஞ்சுவதும், மழலையர் வகுப்புப் படப்புத்தகத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதும் நல்ல அறிகுறி அல்ல. அன்போடு செய்தாலும் அது அவருடைய வயதை மறுப்பதுதான்.

சுவரில் எல்லோருக்கும் ஒரே கால அட்டவணை ஒட்டியிருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: “பெயர் வேண்டாம். இங்கே இருக்கும் யாராவது ஒருவர் போன வாரம் ஐந்து நாளும் எங்கே போனார், என்ன செய்தார் என்று சொல்ல முடியுமா?” தடுமாறாமல் பதில் வர வேண்டும். “வாரம் ஒரு முறை வெளியே அழைத்துப் போகிறோம்” என்று சொன்னால் எத்தனை பேராக என்று கேளுங்கள். பன்னிரண்டு பேரை ஒரே வேனில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி வருவதில் யாருக்கும் யாரோடும் பழக்கம் ஏற்படாது. இரண்டு மூன்று பேராக, ஒவ்வொரு வாரமும் அதே நூலகத்துக்கோ அதே நீச்சல் குளத்துக்கோ போனால், கவுண்டரில் இருப்பவருக்கு இவர் பெயர் தெரிந்துவிடும். சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது என்பது நடைமுறையில் அந்த அளவுக்குச் சின்ன விஷயம்தான்.

ஊழியர் எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். “ஐந்து பேருக்கு ஒருவர்” என்பதில் சமையல்காரர், டிரைவர், மேலாளர் எல்லோரையும் சேர்த்திருக்கலாம். “ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது மீதிப் பேரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டால் உண்மை நிலவரம் வெளிவந்துவிடும்.

சேர்ப்பது என்று முடிவானால் முதல் நாளே முழு நாள் வேண்டாம். முதல் வாரம் இரண்டு மணி நேரம் போதும். அவர் சோர்ந்துபோவதற்கு முன்பே, நன்றாக இருக்கும்போதே கூட்டி வாருங்கள். வாசல், அவர் உட்காரப்போகும் இடம், கழிப்பறை, அவரோடு இருக்கப்போகும் ஊழியரின் முகம் ஆகிய நான்கையும் படம் எடுத்து, போவதற்கு முன்பே சில நாட்கள் காட்டுங்கள். எப்போது வீடு திரும்புவோம் என்பது அவருக்குப் புரியும் வடிவில் கையில் இருக்கட்டும்: கடிகாரப் படமோ, ஒவ்வொன்றாகக் கிழித்துப் போடும் அட்டைகளோ. விழா நாளில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, அவர் கவனம் வேறு பக்கம் இருக்கும்போது சொல்லாமல் நழுவி வந்துவிடாதீர்கள். அன்று அழாமல் இருப்பார். மறுநாள் வாசலிலேயே உங்கள் கையை விடமாட்டார்.

கே: என் தங்கைக்கு 26 வயது. பேச்சு வரவில்லை. “அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டுத்தான் செய்கிறோம்” என்கிறார்கள் மையத்தில். பேசாதவளிடம் எப்படிக் கேட்க முடியும்? – ஓர் அக்கா

கேட்கலாம். ஆனால் “பாட்டு கேட்கலாமா?” என்று கேட்டு, தலையாட்டியதும் “ஆமாம் என்கிறார்” என்று எழுதிக்கொள்வது கேட்டதாகாது. கேட்பவரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவது பலருக்குச் சிறு வயதிலிருந்தே பழகிப்போன ஒன்று. சோதித்துப் பார்ப்பது சுலபம்: “வீட்டுக்குப் போகலாமா?” என்று கேளுங்கள், சற்று நேரம் கழித்து “இங்கேயே இருக்கலாமா?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் தலையாட்டினால் அந்தத் தலையசைப்பை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இரண்டு நிஜப் பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கண் மட்டத்தில், தோள் அகலத்துக்கு இடைவெளி விட்டுப் பிடியுங்கள். பிறகு பேசாமல் பத்து நொடி காத்திருங்கள். பலரும் தவறு செய்வது இங்கேதான். மூன்றாவது நொடியிலேயே “இதுவா? அதுவா?” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கை நீட்டுவது மட்டும்தான் பதில் என்றில்லை. பார்வை ஒரு பக்கம் தங்குவதும், உடம்பு ஒரு பக்கம் சாய்வதும் பதில்தான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதை உடனே கொடுத்துவிட வேண்டும். “இது வேண்டாம், அதுதான் உனக்குப் பிடிக்கும்” என்று ஒரு முறை மாற்றிவிட்டால், தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை என்று அவர் கற்றுக்கொள்வார். அடுத்த முறை பொருட்களை இடம் மாற்றிப் பிடியுங்கள். பத்துத் தடவையில் பத்தும் வலப்பக்கமே என்றால் அவர் பொருளைத் தேர்ந்தெடுக்கவில்லை, பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அப்போது மேலும் கீழுமாகப் பிடித்துப் பாருங்கள், அல்லது ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.

பொருளிலிருந்து புகைப்படம், புகைப்படத்திலிருந்து கோட்டுப்படம் என்று மெல்லப் போகலாம். போக முடியாவிட்டால் பொருளோடே நிற்பதில் குறைவில்லை. துண்டு என்றால் நீச்சல், சாவிக்கொத்து என்றால் வெளியே கிளம்புவது என எப்போதும் ஒரே பொருளை, செயல் தொடங்குவதற்குச் சற்று முன்பு கையில் கொடுக்க வேண்டும். இருபது நிமிடம் முன்பே கொடுத்துவிட்டால் அந்தத் துண்டுக்கு “காத்திரு” என்று அர்த்தமாகிவிடும்.

பெக்ஸ் என்ற படப் பரிமாற்ற முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985-ல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கியது. அதன் முதல் கட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிரே பொருளோடு இருப்பார். இன்னொருவர் பின்னாலிருந்து, வாய் திறக்காமல், படத்தை எடுத்துக் கொடுக்கக் கையைப் பிடித்து உதவுவார். ஒரே ஆள் இரண்டையும் செய்யப் பார்ப்பதால்தான் பல மையங்களில் இது முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறது. படங்களை அழகாகச் சுவரில் உயரத்தில் மாட்டி வைத்திருந்தால் அவை அலங்காரம்தான். படம் உங்கள் தங்கையின் கைக்கு எட்ட வேண்டும். “வேண்டாம்”, “போதும்”, “வலிக்கிறது”, “கழிப்பறை” ஆகிய நான்கும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். படம் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே பக்கத்தில், அவரே சொல்வதுபோல எழுதிக் கொடுங்கள்: “நான் உதட்டைக் கடித்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். தட்டைத் தள்ளினால் போதும் என்று அர்த்தம், கோபம் அல்ல.” புதிதாக வரும் ஊழியருக்குப் பத்துப் பக்க மருத்துவ அறிக்கையைவிட இது பயன்படும்.

கே: நான் ஒரு மையத்தில் பயிற்சியாளர். 31 வயது இளைஞர் ஒருவருக்கு ஆறு மாதமாக மேசை துடைக்கச் சொல்லித் தருகிறேன். பக்கத்தில் நின்று சொன்னால் செய்கிறார். நான் நகர்ந்தால் அப்படியே நின்றுவிடுகிறார்.

அவர் கற்றுக்கொண்டுவிட்டார், ஆனால் உங்கள் குரலையும் அந்த வேலையின் ஒரு பகுதியாகச் சேர்த்துக் கற்றுக்கொண்டார். “துடை” என்று கேட்டால் கை நகரும்; கேட்காவிட்டால் நகராது. எல்லா உதவியிலும் பிறகு விலக்குவதற்கு மிகக் கடினமானது வாய்ச்சொல்தான். அதனால் இனிமேல் பேசாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதலில் நீங்களே அந்த மேசையை மூன்று முறை துடையுங்கள். கை என்ன செய்கிறது என்று பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். ஏறக்குறைய இப்படி வரும்: துணியை எடு, நனை, பிழி, இன்னொரு முறை பிழி, இரண்டாக மடி, மீண்டும் மடித்து உள்ளங்கை அளவாக்கு, தூரத்து இடது மூலையில் வை, வலது ஓரம் வரை இழு, ஒரு கை அகலம் உன் பக்கம் இறக்கு, முன் விளிம்பு வரும்வரை இப்படியே இழுத்துத் துடை, குப்பையைத் தட்டில் தள்ளு, துணியை அலசிக் காயப்போடு. மொத்தம் பன்னிரண்டு படி. ஒரு கை பலவீனமாக இருப்பவருக்குப் பிழிவது முடியாது. துணிக்குப் பதில் ஸ்பாஞ்சைக் கொடுத்து, வாளியின் அடியில் அழுத்தி நீரை எடுக்கப் பழக்கலாம்.

எங்கே தவறுகிறது என்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பிழிவது போதாமல் மேசையில் நீர்க்கோடு விழும். வட்ட வட்டமாகத் துடைப்பதால் மூலைகள் விட்டுப்போகும். வயிற்றுப் பக்கத்து விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம்: வேலை எப்போது முடிந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. மேசை துடைப்பதற்கு முன்பும் சுத்தமாகத்தான் இருந்தது, பிறகும் அப்படித்தான் இருக்கிறது, வித்தியாசம் எங்கே? பழக்கும் நாட்களில் மேசை முழுக்கச் சாக்கட்டித் தூளை மெலிதாகத் தூவிவிடுங்கள். வெள்ளை போனால் வேலை முடிந்தது. தொடங்கும் மூலையில் வண்ண டேப் ஒன்றை ஒட்டுங்கள். கை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு ஓரத்தில் நான்கைந்து சிறு டேப் துண்டுகள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். பதினோரு படியை நீங்கள் செய்யுங்கள். துணியை அலசிக் காயப்போடுவதை மட்டும் அவர் செய்யட்டும். அது நிலைத்ததும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவர் அவராகவே இருப்பார். முடித்ததும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து இடைவேளை. எதிரே நிற்காதீர்கள், பின்னால் நில்லுங்கள். கை பிடிக்க வேண்டியிருந்தால் முதலில் அவர் சம்மதம் கேளுங்கள்; கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். உதவி மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், பிறகு தோளுக்கும் நகர்ந்து, கடைசியில் தொடாமல் அருகில் இருப்பதோடு நிற்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன் ஐந்து நொடி காத்திருங்கள். அந்த ஐந்து நொடியில்தான் அவர் யோசிக்கிறார். அதில் நாம் புகுந்துவிடுவதே வழக்கம்.

தானாகச் செய்த படிக்கு ஒரு குறி, உதவியோடு செய்ததற்கு வேறு குறி போடுங்கள். பன்னிரண்டில் ஏழு தானாக என்றால் 58 சதவீதம். ஒரே படி ஒரு வாரம் நகராமல் நின்றால் அந்தப் படியை இரண்டாக உடையுங்கள். பிரித்த விதத்தில்தான் கோளாறு, அவரிடம் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து, இரண்டு வெவ்வேறு மேசைகளில், நீங்கள் இல்லாமல் இன்னொரு ஊழியர் இருக்கும்போதும் செய்தால்தான் கற்றுவிட்டார் என்று எழுதலாம். 1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்டு, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு சைக்கிள் பிரேக்கின் பாகங்களைப் பொருத்தக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைப் படிப்படியாகப் பிரித்ததும், பேச்சை மிகக் குறைத்ததும்தான் அவர் முறையின் உயிர்.

கடைசியாக ஒரு கேள்வி உங்களுக்கு: மேசை துடைப்பதில் அவருக்கு விருப்பம் இருக்கிறதா? ஆறு மாதத்தில் யாராவது அவரைக் கேட்டார்களா?

கே: என் அண்ணனுக்கு 35 வயது. நான்கு வருடமாக மையத்துக்குப் போகிறார். மூன்று வாரமாகக் கையைக் கடித்துக்கொள்கிறார், பக்கத்தில் இருப்பவர்களைத் தள்ளுகிறார். “டாக்டரிடம் காட்டி அமைதியாக இருக்க மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்” என்கிறார்கள்.

டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் அமைதிப்படுத்தும் மருந்துக்காக அல்ல. நான்கு வருடம் இல்லாத ஒன்று திடீரென்று வந்தால் முதல் சந்தேகம் உடம்பின் மேல் விழ வேண்டும். பல்வலி, காதுக்குள் அடைத்த மெழுகு, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சிறுநீர்த் தொற்று, செருப்புக் கடி வரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களாக இருந்தால் மாதவிலக்கு வலியையும். மலச்சிக்கலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலிப்பு மருந்தும் மனநல மருந்தும் அதைக் கூட்டும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. “எங்கே வலிக்கிறது” என்று சொல்லத் தெரியாதவர் கையைக் கடித்துத்தான் சொல்வார்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வாரம் மையத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று வரி போதும்: சற்று முன்பு என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், உடனே மற்றவர்கள் என்ன செய்தார்கள். நேரத்தையும் எழுத வேண்டும். “காரணமே இல்லாமல் தள்ளினார்” என்று எழுதக் கூடாது; “வேனுக்காக வரிசையில் நின்றபோது, 15 நிமிடம் ஆனபின் தள்ளினார்” என்று எழுத வேண்டும். இரண்டு வாரத் தாள்களை வரிசையாக வைத்தால் ஒரு நேரமோ ஓர் இடமோ ஓர் ஆளோ திரும்பத் திரும்ப வரும். தள்ளினால் வரிசையிலிருந்து விலக்கி உட்கார வைக்கிறார்கள் என்றால், நிற்காமல் தப்பிக்கத் தள்ளுவது அவருக்குப் பலன் தரும் வழியாகிவிட்டது. அதற்கு மருந்து எதற்கு? வேன் வந்தபிறகு கடைசியாக அவரை அழைத்து வந்தால் போதும். அதோடு “உட்கார வேண்டும்” என்பதற்கு ஓர் அட்டையையும் பழக்க வேண்டும். தள்ளாமலே அந்தப் பலன் கிடைத்தால்தான் தள்ளுவது நிற்கும்.

இந்த மூன்று வாரத்தில் என்ன மாறியது என்றும் கேளுங்கள். பழைய ஊழியர் வேலையை விட்டாரா, அறை மாறியதா, அவர் நண்பர் வராமல் போனாரா? இதையெல்லாம் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: அவரைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பிடிக்கக் கூடாது. மூச்சு நின்று இறந்தவர்கள் உண்டு.

கே: மையத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்? – ஒரு தன்னார்வலர்

முதல் காரியம் கடிகாரத்தைப் பார்ப்பது. தலைக்குக் கீழே மென்மையாக எதையாவது வையுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். சுற்றியுள்ள நாற்காலிகளை நகர்த்துங்கள். கையைக் காலைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கையில் இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் கூடாது. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலும், அவருக்கு இது முதல் வலிப்பு என்றாலும், தண்ணீரில் இருந்தபோது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். சிலருக்கு மூக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ செலுத்தும் அவசர மருந்து இருக்கும். எந்த நிமிடத்தில், எவ்வளவு, யார் கொடுப்பது என்று டாக்டர் எழுதிய தாள் அந்த மருந்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். வெளியே போனால் இரண்டும் கூடவே போக வேண்டும். அலுவலக அலமாரியில் பூட்டிய மருந்து நீச்சல் குளத்தில் உதவாது.

கே: மகள் போகும் மையத்தில் கவர் ஒட்டுகிறார்கள், அவை விற்பனைக்கும் போகின்றன. நான்கு வருடமாக அவளுக்கு ஊதியம் எதுவும் இல்லை. கேட்டால் “பயிற்சி” என்கிறார்கள்.

பயிற்சி என்றால் அதற்கு ஒரு முடிவு நாள் இருக்க வேண்டும், எதைக் கற்றுக்கொண்டால் முடிந்தது என்று எழுதியிருக்க வேண்டும், முடிந்தபின் எங்கே போவார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் இல்லாமல் நான்கு வருடமாக விற்பனைக்குப் போகும் பொருளைச் செய்தால் அது வேலை. வேலைக்கு ஊதியம் உண்டு. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 27-வது பிரிவு, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. மையத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதோடு வெளியே வேலை தேடித் தரும் திட்டம் உண்டா என்றும் கேளுங்கள். வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துத் தயார் செய்த பிறகே வெளியே அனுப்புவது என்பது பழைய எண்ணம். முதலில் உண்மையான வேலையிடத்தில் அமர்த்தி, பயிற்சியாளர் அங்கேயே போய்க் கற்றுக்கொடுத்து, மெல்ல விலகுவதுதான் நன்றாகப் பலன் தருகிறது. வாரத்துக்கு எட்டு மணி நேர வேலையில் தொடங்கினாலும் போதும்.

கே: 28 வயது மகன் தனியாக பஸ்ஸில் மையத்துக்குப் போகட்டும் என்கிறார்கள். எங்களுக்கு நடுக்கமாக இருக்கிறது. – பெற்றோர்

நடுங்குவது இயல்புதான். ஆனால் “போகட்டும்” என்றால் நாளைக்கே தனியாக விடுவதல்ல. இது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. ஒரே வழி, ஒரே பஸ், ஒரே நேரம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போவது. பிறகு ஓர் இருக்கை பின்னால். அப்புறம் பஸ்ஸின் கடைசி இருக்கையில். பிறகு அவர் தனியாக ஏறுவார், நீங்கள் இறங்கும் இடத்தில் காத்திருப்பீர்கள். கடைசியாக, அவர் அறியாதபடி, அவருக்கு முகம் தெரியாத ஓர் ஊழியர் அதே பஸ்ஸில் போய்ப் பார்ப்பார். முந்தைய கட்டம் ஐந்து நாள் தொடர்ந்து தவறில்லாமல் நடந்தால்தான் அடுத்தது.

சாலையைக் கடப்பதில் ஒரு பொறி இருக்கிறது. “இரண்டு பக்கமும் பார்” என்று பழக்கினால் பலர் தலையை இடமும் வலமும் திருப்பிவிட்டு, வண்டி வருவதைக் கவனிக்காமலே கால் வைப்பார்கள். பார்ப்பதை அல்ல, முடிவெடுப்பதைப் பழக்க வேண்டும். ஓரத்தில் நின்றபடியே, “இப்போது போகலாமா?” என்பதை அவர் கை காட்டிச் சொல்லட்டும், கடக்க வேண்டாம். தொடர்ந்து பத்துத் தடவை சரியாகச் சொன்ன பிறகுதான் சேர்ந்து கடப்பது.

வழக்கமான நாள் நன்றாக நடந்துவிடும். வழக்கம் தவறும் நாளில்தான் சிக்கல் வரும். அதனால் தவறுவதை வேண்டுமென்றே ஏற்படுத்திப் பழக்க வேண்டும்: பஸ் வரவில்லை, இறங்கும் இடம் தாண்டிவிட்டது, உட்கார இடமில்லை, போனில் சார்ஜ் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில் செயல் போதும். “தெரியாதவர்களிடம் பேசாதே” என்று மட்டும் சொல்லி வளர்த்தால் தொலைந்துபோனபோது உதவி கேட்க அவருக்கு ஆளே இருக்காது. யாரிடம் கேட்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள்: டிரைவர், கண்டக்டர், கடையில் கல்லாவில் இருப்பவர். முகவரி அட்டையைக் கழுத்தில் தொங்கவிடாதீர்கள். அவர் யாரையும் நம்புவார் என்பதை ஊருக்கே சொல்வதாக ஆகிவிடும். பர்ஸில் இருக்கட்டும், எடுத்துக் காட்டப் பழக்குங்கள்.

சில்லறை எண்ணத் தெரியாது என்பதும் தடையில்லை. “37” என்று சொன்னால் மூன்று பத்தோடு இன்னொரு பத்து சேர்த்து நான்கு பத்தாக நீட்டிவிட்டு, மீதிக்குக் கை நீட்டினால் போதும். கூட்டல் கழித்தல் தெரியாதவர்களும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

கே: டவுன் சிண்ட்ரோம் உள்ள என் அக்காவுக்கு 46 வயது. கொஞ்ச நாளாக மந்தமாகிவிட்டார். தெரிந்த வேலையையே மறக்கிறார். “வயதாகிவிட்டது, இனி மையம் வேண்டாம்” என்கிறார்கள்.

முடிவெடுக்க அவசரப்படாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் சீக்கிரம் வருவது உண்மை. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு 21-வது குரோமோசோமில் இருக்கிறது; அந்தக் குரோமோசோம் இவர்களுக்கு மூன்று. ஆனால் மறதி என்றாலே அல்சைமர் அல்ல. தைராய்டு குறைவு, கண்புரை, கேட்கும் திறன் குறைவு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு ஆகிய ஐந்தும் இவர்களுக்கு அதிகம் வரும். ஐந்துமே மறதிபோலத் தோற்றம் காட்டும். ஐந்துக்கும் சிகிச்சை உண்டு. முதலில் இவற்றைப் பாருங்கள். வீட்டில் யாரேனும் இறந்திருந்தால், அக்காவைச் சாவுக்குக் கூட்டிப் போகாமல் மறைத்திருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நடை மாறினாலோ, புதிதாகச் சிறுநீர் கசிந்தாலோ கழுத்து எலும்பில் தண்டுவடம் அழுந்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

மற்ற குடும்பங்களுக்கும் ஒரு யோசனை. முப்பத்தைந்து வயதுக்குள், அவர் நன்றாக இருக்கும்போதே, சட்டை மடிப்பதையும் பல் துலக்குவதையும் வீடியோ எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை அதே செயலை மீண்டும் எடுங்கள். “முன்பு எப்படி இருந்தார்?” என்ற டாக்டரின் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

அல்சைமர்தான் என்று உறுதியானாலும் மையத்தை நிறுத்த வேண்டியதில்லை. அரை நாளாக்கலாம், புதிதாகக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிடலாம், கழிப்பறைக் கதவில் படம் ஒட்டலாம். இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்த தோழியிடமிருந்து இப்போது பிரிப்பது அவரைக் குழப்பும்.

கே: தினமும் நோட்டில் “இன்று நன்றாக இருந்தார்” என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். வேறு என்ன எழுதச் சொல்வது?

எவ்வளவு சாப்பிட்டார், மலம் கழித்தாரா, வலிப்போ காயமோ உண்டா, இன்று தானாகச் செய்த ஒரு காரியம் என்ன, எதை வேண்டாம் என்று மறுத்தார். ஐந்து வரிதான். கடைசி வரி முக்கியம்; பல நாள் தொடர்ந்து எதையும் மறுக்கவில்லை என்று வந்தால் மறுக்க இடம் கொடுக்கப்படவில்லை என்று பொருள். குறைகளை நோட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். அவர் செய்ததைக் காட்டும் ஒரு படமோ, போய்வந்த இடத்து டிக்கெட்டோ நோட்டில் ஒட்டியிருந்தால், பேச்சு இல்லாதவரும் மாலையில் அதைக் காட்டித் தன் நாளைத் தானே சொல்லலாம். நீங்களும் திங்கட்கிழமை காலை அதேபோல ஒன்றை ஒட்டி அனுப்புங்கள்.